மிதியின் வேகமும் தேகத்தின் சிக்கனமும்

சைக்கிள் பழகுவோருக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் புத்திமதிகள் பல உண்டெனினும், இன்று மறுபேச்சின்றி எங்கும் ஏற்கப்படுவது, கனத்த கியரில் மெள்ள அழுத்தி மிதிப்பது தவறு, இலேசான கியரில் நிமிஷத்துக்கு 90 சுற்றுக்குக் குறையாமல் கால்களைச் சுழற்றுவதே முறை என்னும் விதியாகும். பந்தய வீரர்களிடமிருந்து பயிற்சியாளர்களுக்கும், பயிற்சியாளர்களிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் செல்லும் உத்தியோகஸ்தர்களுக்கும், அவர்களிடமிருந்து நேற்றுக் கியர் சைக்கிள் வாங்கிய கல்லூரி மாணவனுக்குமாக இறங்கிவந்த இவ்விதி, ஹேண்டில்பாரில் பொருத்திய சிறு கருவி சுற்றுக்களை எண்ணிக் காட்டத் தொடங்கிய பின்பு, விரதத்துக்குரிய கண்டிப்பையே பெற்றுவிட்டது. இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த உண்மை யாருக்கு உரியது, எந்த அளவு வேலைக்கு உரியது, என்ன விலை கொடுத்துப் பெறப்படுவது என்ற கேள்விகள் வரும் வழியிலேயே உதிர்ந்துபோயின. சரீர சாஸ்திரம் நூறாண்டுக் காலமாகச் செய்துவந்த பரிசோதனைகளை அருகில் வைத்து நோக்குவோமானால், சைக்கிள் மிதிப்பதில் சிக்கனம் என்று நாம் சொல்வது இரு வேறு பொருள்களை என்பதும், அவ்விரண்டும் ஒரே மிதிவேகத்தில் கிட்டுவதில்லை என்பதும் தெளிவாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு விநாடியில் நடைபெறும் வேலை என்பது, மிதியின்மேல் கால் செலுத்தும் விசையையும் மிதி நகரும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. ஆகவே வேலை மாறாதிருக்க வேகம் ஏறினால், விசை அதே விகிதத்தில் இறங்கியே தீரும். நல்ல பயிற்சியுடைய ஒருவர் தளராமல் ஒரு மணி நேரம் செய்யக்கூடிய 200 வாட் வேலையை எடுத்துக்கொண்டு, 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கில் கணக்கிட்டால், நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் வட்டம் முழுவதும் சராசரியாக 19 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்த வேண்டும். 90 சுற்றில் அது 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 100 சுற்றில் பதினொன்றரைக் கிலோவே போதும். மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும் இரண்டு இடங்களில் கால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. கால் கீழிறங்கும் பகுதியிலேயே பெரும்பாலான வேலை முடிகிறது. எனவே உண்மையில் தொடையும் முழங்காலும் தாங்கும் உச்ச விசை இச்சராசரிகளைவிட மிகவும் அதிகம். நெல் மூட்டையை முழுதாக ஒரே நடையில் சுமப்பதா, பாதி பாதியாக இரண்டு நடையில் சுமப்பதா என்ற கேள்வி போன்றதே இது: முன்னதில் தோள் நோகும், பின்னதில் தோள் பிழைக்கும், ஆனால் நடை இரட்டிக்கும். வேக மிதியைப் பரிந்துரைப்போர் தோளின் நோவைக் கணக்கில் எடுக்கிறார்கள். நடையின் செலவை எடுப்பதில்லை.

அந்த நடையின் செலவை அளக்க முற்பட்டவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் பெனடிக்ட், காத்கார்ட் என்னும் இருவர், தொழில்முறைச் சைக்கிள் வீரர் ஒருவரை நிலையான சைக்கிளில் ஏற்றி, அவர் உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து, மனித தேகத்தை ஓர் இயந்திரமாகக் கருதினால் அதன் பயன் எவ்வளவு என்று ஆராய்ந்து 1913இல் நூலாக வெளியிட்டார்கள். 1929இல் இங்கிலாந்தில் சில்வியா டிக்கின்சன், மிதிவேகத்தையும் சுமையையும் மாற்றி மாற்றி அளந்து, உட்கொண்ட ஆற்றலில் நூற்றுக்கு இருபத்தொன்றரைப் பங்கே அதிகபட்சமாக வேலையாகிறது என்றும், அந்த உச்சம் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.9 விநாடி பிடிக்கும் நிதானத்தில், அதாவது நிமிஷத்துக்கு 33 சுற்றில், கிட்டுகிறது என்றும் கண்டார். பிற்காலத்தார் இந்த எண்ணைத் திருத்தினார்கள். 1977இல் சீபரியும் அவருடன் ஆராய்ந்தவர்களும், வேலையின் அளவு ஏற ஏறச் சிக்கனமான மிதிவேகமும் ஏறுகிறது என்பதைக் காட்டினார்கள்: ஏறத்தாழ 41 வாட் வேலைக்கு 42 சுற்றும், 327 வாட் வேலைக்கு 62 சுற்றும் மிகக் குறைந்த பிராணவாயுவைக் கோரின. இவ்விரு எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தின் சாரம் முழுவதும் இவற்றுள் அடங்கியிருக்கிறது. சாதாரண மனிதர் ஒரு மணி நேரம் நினைத்தும் பார்க்க முடியாத 327 வாட் வேலைக்குக்கூட, சிக்கனமான வேகம் 90 சுற்றுக்கு வெகு தூரம் கீழேயே நின்றுவிட்டது.

இதன் காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. கால்களே பாரமுள்ளவை, அவற்றை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் திசை மாற்றியும் சுழற்றுவதற்கே ஆற்றல் வேண்டும், செயினைக் கழற்றிவிட்டு வெறும் மிதியைச் சுழற்றினாலும் வேகம் கூடக்கூடச் சுவாசம் கூடுவது இதனால்தான். தசையும் தனக்கென ஒரு நியாயம் உடையது. தசை சுருங்கும் வேகம் ஏற ஏற அது செலுத்தக்கூடிய விசை குறைகிறது என்பதையும், சுருங்கும் வேகத்துக்கு ஏற்ப அது வெளியிடும் உஷ்ணம் மாறுகிறது என்பதையும் தவளைத் தசையில் நுட்பமாக அளந்து 1938இல் வெளியிட்டவர் ஆர்ச்சிபால்ட் ஹில். அவர் காட்டிய வழியே சிந்தித்தால், ஒவ்வொரு வகைத் தசைநாருக்கும் குறைந்த செலவில் வேலை செய்யும் ஒரு வேகம் உண்டு என்பதும், அதற்கு மேலும் கீழும் போனால் செலவு கூடும் என்பதும் பெறப்படும். ஆகவே 30 சுற்றில் மலைக்க மலைக்க மிதிப்பதும் வீண். 110 சுற்றில் சேணத்தின்மேல் குதித்துக்கொண்டே மிதிப்பதும் வீண். இடையில் எங்கோ ஒரு நிதானம் இருக்கிறது; அது வேலையின் அளவைப் பொறுத்து நகர்கிறது.

அப்படியானால் உலகத்தின் தேர்ந்த வீரர்கள் எல்லோரும் தங்கள் ஆற்றலை வீணாக்குகிறார்களா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. மூன்று வாரம் நீளும் பந்தயங்களில் ஒவ்வொரு கவளமும் கணக்கிடப்படுகிறது. இவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு வீண்செலவைக் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை. இப்புதிருக்கு விடை, பிராணவாயுவை அளக்கும் கருவியில் தென்படாமல் தசையினுள்ளே கிடந்தது. 1992இல் ஆல்க்விஸ்ட் முதலியோர், ஒரே அளவு பிராணவாயுச் செலவாகும்படி, கடினமான வேலையை முப்பது நிமிஷம் 50 சுற்றிலும் 100 சுற்றிலும் செய்யவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். சோர்வின்றி நெடுநேரம் உழைக்கும் மெது நார்களில் சேமிப்புச் சர்க்கரை இரண்டு வேகத்திலும் ஒரே அளவாகவே தீர்ந்திருந்தது. திடீர் வலிமைக்குரியவையும் விரைவில் சோர்பவையுமான விரை நார்களிலோ 50 சுற்றில் மிதித்தபோது அது வெகுவாகக் கரைந்திருந்தது. மூச்சின் செலவு சமமாக இருந்தும் தசையின் இழப்பு சமமாக இல்லை. கனத்த மிதி ஒவ்வொன்றும் பெரிய விசையைக் கோருவதால் விரை நார்களை அழைக்கிறது. இலேசான மிதி அவற்றைத் தூங்கவிட்டு, மெது நார்களையே திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறது. அதே காலத்தில் ஜப்பானில் தகாயிஷி முதலியோர், தசையில் எழும் மின் அலைகளைக் கொண்டு களைப்பை அளந்தபோது, பிராணவாயு மிகக் குறைவாகச் செலவாகும் வேகம் 60, 70 சுற்றின் அருகில் இருக்க, தசைக் களைப்பு மிகக் குறைவாகத் தோன்றும் வேகம் 80, 90 சுற்றில் இருப்பதைக் கண்டார்கள்.

ஆகவே ஒரு சிக்கனம் உணவுக்கும் மூச்சுக்கும் உரியது. மற்றொன்று தசையின் சக்திக்கு உரியது. வேக மிதி என்பது முதற்சிக்கனத்தை விலையாகக் கொடுத்து இரண்டாவதை வாங்கும் ஒரு வியாபாரம். ஐந்து மணி நேரம் ஓடி, கடைசி இருநூறு மீட்டரில் வலிமை முழுவதையும் கொட்ட வேண்டிய வீரனுக்கு இது மிகவும் இலாபமான வியாபாரம். அவனுடைய இருதயமும் நுரையீரலும் வழிநெடுகக் கூடுதல் செலவை ஏற்க வல்லவை, உணவும் வண்டியோடு வந்துகொண்டிருக்கிறது, விரை நார்களின் சேமிப்போ ஒருமுறை தீர்ந்தால் அன்றைக்கு மீளாதது. வாங்கும் பொருள் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. விலை கொடுக்க வல்லவர் யார் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நேரான விடை தரும் ஒரு பரிசோதனையை, இவ்விஷயத்தில் நடந்தவற்றுள் மிக முக்கியமானதாக நான் மதிக்கிறேன். 1997இல் மார்ஷ், மார்ட்டின் என்னும் இருவர், பயின்ற சைக்கிள் வீரர்களையும், சைக்கிள் அனுபவமில்லாத ஓட்டக்காரர்களையும், பயிற்சி குறைந்த சாதாரண மனிதர்களையும் தத்தம் விருப்பப்படி மிதிக்கவிட்டார்கள். சைக்கிள் வீரர்கள் 90க்கு மேற்பட்ட வேகத்தை நாடியது எதிர்பார்த்ததே. சைக்கிளோடு உறவில்லாத ஓட்டக்காரர்களும் அதே வேகத்தைத் தாமாகவே நாடினார்கள் என்பதே வியப்பு. பயிற்சி குறைந்தவர்களோ சுமை ஏற ஏறத் தங்கள் மிதியை நிதானப்படுத்திக்கொண்டார்கள். வேக மிதி நெடுங்கால அப்பியாசத்தால் வரும் சாமர்த்தியம் என்று பயிற்சியாளர்கள் சொல்லிவந்தது இதனால் ஆட்டங்காண்கிறது. மூச்சில் மிச்சம் உள்ளவன் அதைச் செலவழித்துக் காலைக் காக்கிறான்; மிச்சமில்லாதவன் காலைச் செலவழித்து மூச்சைக் காக்கிறான். இரண்டு தேகங்களும் தத்தம் நிலைமைக்கேற்ற நியாயமான தீர்மானத்தையே செய்கின்றன. இரண்டாமவனிடம் போய் 90 சுற்று மிதி என்று கட்டளையிடுவது, அவனிடம் இல்லாத பணத்தைச் செலவழிக்கச் சொல்வதாகும்.

வேக மிதியின் தரப்பில் நின்று சொல்ல வேண்டியதையும் முழுமையாகச் சொல்வது நேர்மை. ஸ்பெயின் நாட்டு அலெஹாந்திரோ லூசியாவும் உடனிருந்தோரும் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொழில்முறை வீரர்கள் ஏறத்தாழ 366 வாட் வேலையை 60, 80, 100 சுற்றுக்களில் செய்தபோது, பயன் 60 சுற்றில் நூற்றுக்கு 22 பங்களவிலும் 100 சுற்றில் 24 பங்களவிலும் இருந்தது; அதாவது அவர்களுக்கு மூச்சின் சிக்கனமும் வேக மிதியின் பக்கமே சாய்ந்துவிட்டது. அவ்வளவு பெரும் வேலையை 60 சுற்றில் செய்வதென்றால் மிதி ஒவ்வொன்றிலும் விரை நார்கள் பெருவாரியாக இறங்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணமாகலாம். சீபரியின் முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றினாலும், வேலை ஏறச் சிக்கன வேகமும் ஏறும் என்ற அடிப்படையை இது மேலும் உறுதியாக்குகிறது. 366 வாட் வேலையை நிதானமாகச் செய்யக்கூடியவர் எவரேனும் இதைப் படிப்பாராயின், அவர் 100 சுற்று மிதிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்னும் சாதனையின் சரித்திரம் இங்கே நல்ல வெளிச்சம் தருகிறது. ஏனெனில் அதில் கியர் மாற்றுவதற்கில்லை, புறப்படும் முன்பே பல்சக்கரங்களைத் தேர்ந்துகொண்டு இறுதிவரை அதிலேயே ஓட வேண்டும். 1942இல் மிலான் நகரில் ஃபாஸ்டோ கோப்பி முன்னே 52 பல்லும் பின்னே 15 பல்லும் கொண்டு ஏறத்தாழ 45.8 கி.மீ. ஓடினார், நிமிஷத்துக்கு ஏறத்தாழ 103 சுற்று. 1972இல் மெக்ஸிகோ நகரில் எடி மெர்க்ஸ் 52க்கு 14 பல் வைத்து 49.4 கி.மீ. கடந்தபோதும் அவர் கால்கள் 104 சுற்றின் அருகிலேயே இருந்தன. 2022இல் ஸ்விட்ஸர்லாந்தின் கிரென்ஹனில் ஃபிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓடி உலகை வியக்கவைத்தபோது, 65க்கு 14 என்ற பெரிய கியரில் நூற்றுக்குச் சற்றுக் குறைவாகவே சுற்றினார். எண்பது ஆண்டில் தூரம் பதினொரு கிலோமீட்டர் கூடியிருக்க, கால்களின் வேகம் கூடவில்லை, சற்றுத் தணிந்தேவிட்டது. முன்னேற்றம் முழுவதும் காற்றின் தடையைக் குறைத்த உடையிலும் அமர்ச்சியிலும் வண்டியிலும், அதனால் சாத்தியமான பெரிய கியரிலும் வந்தது. வேகம் வேண்டுமானால் மிதியை வேகமாக்கு என்று போதிப்பவர்கள் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

அதே வீரர்கள் மலையேறும்போது என்ன செய்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பெரும் பந்தயங்களில் வீரர்களைப் பின்தொடர்ந்து லூசியா குழுவினர் 2001இல் கண்டறிந்தபடி, சமநிலத்தில் 90 சுற்றின் அருகில் மிதித்தவர்கள் நெடிய மலையேற்றங்களில் 70 சுற்றளவுக்கு இறங்கிவிட்டார்கள். இந்த வழக்கத்துக்கு விரோதமாக மலையிலும் நூறு சுற்றளவுக்குச் சுழற்றிக்காட்டி, உலகமெங்கும் வேக மிதிக்கு மதிப்புத் தேடித்தந்தவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அவருடைய பிரதான போட்டியாளரும் 1997இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவருமான யான் உல்ரிச் கனத்த கியரைக் கம்பீரமாக அழுத்தி ஏறுபவர். முன்னவர் பின்னவரை மீண்டும் மீண்டும் வெல்வதைக் கண்ட உலகம், வேக மிதியே வென்றது என்று முடிவுகட்டியது. 2012இல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு வெற்றிகளும் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். உல்ரிச்சும் 2012இல் விளையாட்டு நடுவர் மன்றத்தால் தண்டிக்கப்பட்டவரே ஆகையால், ஒருவர் தூயவர் மற்றவர் அல்லர் என்று பிரித்துப் பேசுவதற்கில்லை. நான் கவனப்படுத்த விரும்புவது வேறு. வேக மிதி உழைப்பைக் காலிலிருந்து இருதயத்துக்கும் இரத்தத்துக்கும் மாற்றுகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் உபயோகித்த மருந்துகளுள் பிரதானமானது இரத்தம் சுமக்கும் பிராணவாயுவைக் கூட்டுவது. மூச்சின் வரும்படியைக் கள்ளத்தனமாகப் பெருக்கிக்கொண்ட ஒருவருடைய செலவு முறையை, வரும்படி பெருகாதவர்கள் அப்படியே பின்பற்றத் தொடங்கினார்கள். அவருடைய வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட பின்பும், அவற்றின்மேல் எழுந்த உபதேசம் மட்டும் நீக்கப்படாமல் நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இதனோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு உபதேசத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மிதியைக் கீழே அழுத்துவது மட்டும் போதாது, பாதத்தைக் கட்டிக்கொண்டு மேலேயும் இழுத்து வட்டம் முழுவதும் சீராக மிதிக்க வேண்டும் என்பது அது. 2007இல் கார்ஃப் முதலியோர் பரிசோதித்தபோது, மேலிழுத்து மிதித்தவர்களின் விசை வட்டத்தில் அழகாகப் பரவியிருந்தது உண்மையே; ஆனால் பிராணவாயுச் செலவில் அம்முறையே மிகவும் வீணானதாக முடிந்தது. காலை உயர்த்தும் தசைகள் அழுத்தும் தசைகளைப்போல் அவ்வேலைக்கு அமைந்தவை அல்ல. குரங்குப் பெடல் போட்டு, கம்பிக்குக் கீழே காலை நுழைத்துச் சைக்கிள் பழகிய நம் சிறுவர்களுக்கு, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி மற்ற இடத்தில் காலை விட்டுவிட வேண்டும் என்பதை ஒருவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டுச் சீதோஷ்ணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிதியின் வேகத்தால் பயன் நூற்றுக்கு 22 பங்கிலிருந்து 20 பங்காக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 200 வாட் வேலைக்கு ஆகும் மொத்தச் செலவு ஏறத்தாழ 90 வாட் கூடுகிறது. மணிக்கு 80 கிலோ கலோரி என்பது உணவில் பெரிய நஷ்டமன்று. ஆனால் அந்த 90 வாட்டும் உஷ்ணமாகவே தேகத்தில் இறங்குகிறது. அதைப் போக்க மணிக்கு நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட வியர்வை ஆவியாக வேண்டும். ஐரோப்பாவின் குளிர்ந்த காலைப்பொழுதில் இது பொருட்டல்ல. வியர்வை ஆவியாகாமல் சொட்டும் சென்னையின் மே மாதக் காற்றில் மூச்சின் சிக்கனத்தை அலட்சியப்படுத்துவது தேகத்தை அலட்சியப்படுத்துவதே ஆகும்.

இனி, இவ்விவாதங்களில் ஒருபோதும் பேசப்படாத சைக்கிள்காரரிடம் வருவோம். கியர் இல்லாத, கனத்த இரும்புச் சட்டமுள்ள, கேரியரும் ஸ்டாண்டும் கொண்ட சைக்கிளில் தினந்தோறும் வேலைக்குச் செல்பவர் மிதிவேகத்தைப் பற்றி எண்ணியதில்லை. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் என்று கொண்டால், மிதி ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் அவர் கால்கள் நிமிஷத்துக்கு 43 சுற்றுச் சுற்றும். நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்காற்றில்லாமல், சமநிலத்தில் அவ்வேகத்துக்கு ஆகும் வேலை 50 வாட்டை ஒட்டியே இருக்கும். சீபரி அளந்து கண்ட 41 வாட்டுக்கு 42 சுற்று என்ற கணக்கோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதைப் பாருங்கள்! தேகத்தின் நியாயத்தை நூற்றாண்டாக நடமாடிய ஓர் எளிய யந்திரம் தன் பல்சக்கரங்களிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. அலுவலகம் செல்லும் அந்த மனிதரைப் பார்த்து, நீர் தவறாக மிதிக்கிறீர் என்று சொல்லும் கியர் சைக்கிள்காரர், சாஸ்திரப்படியே தவறு சொல்கிறார்.

ஆனால் அந்த ஒற்றைப் பல்லின் நியாயம் சமநிலத்தோடும் வெறும் கேரியரோடும் முடிந்துபோகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, அவர்கள் உல்லாசத்துக்காக மட்டும் ஓட்டவில்லை; தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறவரும், டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுகிறவரும், காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகிறவரும் அதே 44க்கு 18 பல்லைத்தான் மிதிக்கிறார்கள். மனிதரும் வண்டியும் சுமையுமாக 120 கிலோ என்றும், பாலத்தின் ஏற்றம் முப்பதுக்கு ஒன்று என்றும் கொண்டு கணக்கிட்டால், மிதியில் சராசரி விசை 25 கிலோவை எட்டுகிறது. உச்ச விசை அதைவிட வெகுவாக மிகுகிறது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் கால்கள் 25 சுற்றுக்கு மேல் சுற்றுவதில்லை. டிக்கின்சன் கண்ட 33 சுற்றுக்கும் கீழே போய்விட்ட இந்த மிதி மூச்சுக்கும் நஷ்டம், தசைக்கும் நஷ்டம், முழங்காலுக்கோ பெரும் கேடு. விரைந்து மிதி, இலேசாக மிதி என்ற உபதேசம் உண்மையாகவே யாருக்கு உரியதோ, அவருக்கு அதைச் சொல்வாரும் இல்லை. சொன்னாலும் அதன்படி செய்ய அவருடைய வண்டியில் வழியும் இல்லை. இருபது கியர் வைத்திருப்பவர்க்கே அவ்வுபதேசம் ஓயாமல் செய்யப்படுகிறது.

இதற்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. பிரான்ஸில் செந்த்-எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி என்பவர், ஏற்றத்துக்கு ஒரு கியரும் சமநிலத்துக்கு ஒரு கியரும் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடியபோது, பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் ஸ்தாபகர் ஆன்றி தெக்ராஞ்ச், செயினை இடம் மாற்றும் கியர் முறை வீரத்துக்கு இழுக்கு என்னும் கொள்கையோடு அதைத் தடுத்துவந்தார். 1937இல்தான் அம்முறை அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. வலிமையுள்ளவர் தம் வலிமையையே எல்லோருக்கும் அளவுகோலாக்கும் மனப்பான்மை அன்று ஒற்றைப் பல்லாக நின்றது. இன்று 90 சுற்றாக நிற்கிறது. எண் மாறிற்றே ஒழிய மனப்பான்மை மாறவில்லை.

சைக்கிள் செய்பவர்களும், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விலையில்லாச் சைக்கிள் வழங்கும் அரசாங்கமும், பந்தயத்துக்குரிய மிதிவேகத்தைப் பற்றிய பேச்சை அதற்குரியோரிடம் விட்டுவிட்டு, மேட்டிலும் சுமையிலும் மிதிப்பவருக்கு என்ன பல் வேண்டும் என்பதை யோசிப்பது அவசியம். மூன்று கியர் கொடுக்க முடிந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டாலும், தெருமுனைச் சைக்கிள் கடையிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பின்னே 18 பல் இருந்த இடத்தில் 22 பல் ஃப்ரீவீலை மாட்டி, செயினுக்கு இரண்டொரு கண்ணி கூட்டிவிட்டால், அதே பாலத்தில் அதே சுமைக்குச் சராசரி விசை 25 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு இறங்கும். 25 சுற்று 30 ஆகும். சமநிலத்தில் 14 கி.மீ. வேகத்துக்கு 43 சுற்றுக்குப் பதிலாக 53 சுற்று மிதிக்க வேண்டிவரும். மூச்சுச் சிறிது கூடும். தினமும் சுமை ஏற்றுபவர் அந்தச் சிறிய கூடுதலைத் தாராளமாக ஏற்கலாம். வெறும் கேரியரோடு அலுவலகம் போய்வருபவர் தம்முடைய 18 பல்லோடேயே இருக்கட்டும்.